தவக்கால வெண்ணெய்

போப்பை விலக்கிவிட்ட இங்கிலாந்தில், ரை துறைமுகத்தில் இறங்கும் அயல்நாட்டான் போப்பின் ஆளா இல்லையா என்று கண்டுபிடிக்க அந்த ஊரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் சோதனை அதிகாரி அம்புரோஸ் டேப். பெட்டியைத் திறப்பான், கோட்டின் தையலைப் பிரிப்பான், கடிதத்தை வெயிலில் பிடித்துப் பார்ப்பான். இன்னொருத்தி தாம்சின் கோர்ல். அவள் சாப்பாடு போடுவாள். அம்புரோஸ் பிடித்ததைவிட அவள் பிடித்துக் கொடுத்ததுதான் அதிகம்.

‘சாம்பல் குதிரை’ என்ற அவளுடைய சத்திரம் படகுத்துறையிலிருந்து மேடேறினால் முதல் கட்டடம். பிரான்சிலிருந்து வருகிறவன் கடலில் குடலைக் கொட்டிவிட்டு, கால் தரையில் நிற்காமல், பசியோடு நேராக அங்கேதான் வருவான். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எலிசபெத் ராணியின் சட்டமும் இறைச்சிக்குத் தடை போட்டிருந்தது. ஆனால் மீன் விற்க வேண்டுமே என்பதற்காகப் போட்ட தடை அது. பாலுக்கும் வெண்ணெய்க்கும் அதில் குறுக்கீடு இல்லை. போப்பின் சட்டத்திலோ அந்த நாற்பது நாளும் வெண்ணெயும் பாவம். தாம்சின் சுட்ட ஹெர்ரிங் மீனின் மேல் வெண்ணெய் உருகி வழிய வழியக் கொண்டுவந்து வைப்பாள். ரொட்டியிலும் விரல் தடிமனுக்குப் பூசியிருப்பாள். வைத்துவிட்டு மேசை துடைப்பாள். பசியோடு வந்தவன் கத்தியால் வெண்ணெயை வழித்துத் தட்டின் ஓரத்தில் தள்ளினால், பின்வாசல் வழியாகப் போய் அம்புரோஸிடம் ஒரே வார்த்தை சொல்வாள்: “ஒதுக்குறான்.”

இந்த விஷயம் அவர்கள் இருவரைத் தவிர ஊரில் யாருக்கும் தெரியாது. ஆறு வருடங்களுக்கு முன் ஒரு திராட்சைரச வியாபாரி அப்படி வழித்து ஒதுக்கியதைப் பார்த்தபோதுதான், போப்பை ஏற்ற பழைய ராணி காலத்தில் தன் அம்மா தவக்காலம் முழுவதும் தயிர் கடையும் பானையைத் துணியால் மூடிக் கட்டி வைத்தது அவளுக்கு நினைவு வந்தது. அம்புரோஸ் அந்த ஆளின் பூட்ஸைக் கழற்றினான். அடியில் போப்பின் சாமியார்கள் வைத்திருக்கும் பூசைக் கிண்ணம் இருந்தது. லண்டனில் அவரைத் தூக்கில் போட்டு, உயிர் போவதற்கு முன்னால் இறக்கி, வயிற்றைக் கிழித்தார்கள். அதன் பிறகு ஐந்து பேர். அவர்களிடம் கிண்ணம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் வெண்ணெயை ஒதுக்கியவர்கள் என்பதால் லண்டனுக்கு அனுப்பினார்கள். என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதி அனுப்பவில்லை.

தாம்சினுக்கு அவர்கள்மேல் இரக்கம் வந்ததில்லை. அவளுக்கு ஒன்பது வயதில், சேணம் தைக்கிறவரான அவளுடைய அப்பாவை, போப்பை ஏற்கவில்லை என்று பழைய ராணியின் ஆட்கள் லூயிஸ் ஊரில் கம்பத்தில் கட்டி எரித்தார்கள். விறகு ஈரமாக இருந்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி மூச்சு வாங்க வாங்க விறகு கொண்டுவந்து போட்டபடி இருந்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. அடுப்பு வேலை பார்க்கிறவள் முகம்தான். அந்த முகத்தைத் தாம்சின் மறக்கவில்லை.

எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்த இருபத்தொன்பதாவது வருடத் தவக்காலத்தில், மார்ச் மாதம் ஒரு முற்பகலில், பிரான்சின் தியெப் துறைமுகத்திலிருந்து வந்த படகில் இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் நிக்கோலா ஹார்டெல், அந்நாட்டின் வடக்கே ரூவான் நகரத்துத் துணி வியாபாரி. சிவந்த முகம், பெரிய வயிறு, அரைகுறை ஆங்கிலம். இன்னொருவர் எஸ்தேவ் ரூக்கே. ஐம்பது வயதிருக்கும். தெற்கே நீம் நகரத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். நகக்கண் எல்லாம் நீலம். அங்கே போப்பை ஏற்காத சீர்திருத்தச் சபைக்காரர்களைக் கொல்கிறார்கள் என்று ஓடி வந்தவர். சபைப் போதகர் கொடுத்த சான்றுக் கடிதம் வைத்திருந்தார். கேன்டர்பரியில் மகள் இருக்கிறாள், பேரன் பிறந்திருக்கிறான், அங்கே போக வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது.

ஹார்டெல் மீனைப் பார்த்ததும் கையைத் தேய்த்துக்கொண்டார். “அம்மா, இந்த வெண்ணெய்க்காகவே இன்னொரு தடவ கடல்ல வாந்தி எடுக்கலாம்!”

“எடுத்தா வெளியில போய் எடுங்க. இப்பத்தான் தரை கழுவினேன்” என்றாள் தாம்சின்.

எஸ்தேவ் மீனை முகர்ந்தார். கத்தியை எடுத்தார். வெண்ணெயை ஓரமாக, மிக ஓரமாக, தட்டைவிட்டே விழுந்துவிடும் அளவுக்குத் தள்ளினார். மீனின் தோலையும் உரித்துப் போட்டார். பிறகு தாம்சினைப் பார்த்து வெட்கத்தோடு ஏதோ கேட்டார்.

“என்ன கேக்கிறாரு?”

“எண்ணெய் இருக்கான்னு” என்றார் ஹார்டெல், வாய் நிறைய ரொட்டியோடு.

“எண்ணெயா? விளக்குக்கா?”

“யாருக்குத் தெரியும்மா. படகுல பாத்த ஆளு. எனக்கு அவரு யாரோ.” எஸ்தேவ் ஒதுக்கிய வெண்ணெயையும் தன் ரொட்டியில் தடவிக்கொண்டு ஹார்டெல் சிரித்தார்.

தாம்சின் பின்வாசலுக்குப் போனாள். “மெலிஞ்சவன் ஒதுக்குறான். குண்டன் ரெண்டு பங்கும் திங்கிறான்.”

ஹார்டெலுக்கு அன்று மாலையே லண்டன் போக அனுமதிச் சீட்டு கிடைத்தது. எஸ்தேவின் மூட்டையை அம்புரோஸ் பிரித்தான். இரண்டு சட்டை, வேதாகமச் சங்கீதப் புத்தகம், கம்பளியில் சுற்றிய சின்னக் கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள் எண்ணெய். அம்புரோஸ் அதைத் துணியால் பிடித்துத் தூக்கினான்; விரல் படவிடவில்லை.

“தாம்சின், இவன் சும்மா ஆளில்ல. சாமியாரே! சாகப்போறவனுக்குப் பூசுற எண்ணெய் இது. கேன்டர்பரில மகளாம், மகள்!”

எஸ்தேவைக் கோபுரச் சிறையில் போட்டார்கள். நாலாம் நாள் லண்டனிலிருந்து விசாரணைக்காரர் மாஸ்டர் லைல் வந்து, தாம்சின் சத்திரத்தின் மாடியறையில் தங்கினார். மெல்லிய குரல்காரர். பல்வலிக்காக எப்போதும் வாயில் கிராம்பு. படியில் அவளுக்கு வழிவிட்டு நிற்பார். வெண்ணெய் விவரத்தை அம்புரோஸ் சொன்னபோது, “பத்து வருஷமா இந்த வேலைல இருக்கேன். இந்த யோசனை எனக்கு வரலயே, தாம்சினம்மா” என்றார். அன்று முழுவதும் அவள் பாட்டு முணுமுணுத்தாள்.

மொழிபெயர்க்க பெரெத்தைக் கூப்பிட்டார்கள். பெரெத் தியெப்காரி. சீர்திருத்தச் சபைக்காரன் என்று கணவனை அங்கே வெட்டிக் கொன்றுவிட்ட பிறகு ஓடிவந்து பதினைந்து வருடமாக ரையில் துணி துவைத்துப் பிழைக்கிறவள். தாம்சினுக்கும் அங்கே வேலை இருந்தது. கைதிக்கு வெண்ணெய் பூசிய ரொட்டியும் பாலும் மட்டும் தினமும் கொண்டுபோக வேண்டும், வேறு எதுவும் தரக் கூடாது என்பது லைலின் உத்தரவு.

முதல் நாள் லைல் மரியாதையாகவே கேட்டார். எஸ்தேவ் ஊரைச் சொன்னார், தொழிலைச் சொன்னார், மகளைச் சொன்னார்.

“மகள் வீடு எந்தத் தெரு? மருமகன் பேர் என்ன?”

எஸ்தேவ் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் காவல்காரன் இரும்புக் காப்பு இரண்டையும் மேசைமேல் தொப்பென்று போட்டான். எஸ்தேவ் காப்பைப் பார்த்தார். சுவரில் உயரத்தில் அடித்திருந்த ஆணியைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னார்.

பெரெத் தயங்கினாள். “தனக்கு மகள் இல்லைங்கிறாரு.”

“காலைல இருந்தா, மத்தியானம் இல்ல” என்றார் லைல். “எழுதிக்கோ.”

இரண்டாம் நாள் மணிக்கட்டில் காப்பை மாட்டி ஆணியில் தொங்கவிட்டு, காலடி முக்காலியை உருவினார்கள். தாம்சின் ரொட்டியோடு உள்ளே நுழைந்தபோது எஸ்தேவின் விரல்கள் கறுத்து வீங்கி, நகக்கண் நீலமே தெரியாமல் போயிருந்தது. உடம்பு லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. காவல்காரன் அதை ஒரு விரலால் தள்ளிவிட்டு, எந்தப் பக்கம் நிற்கும் என்று அம்புரோஸோடு பந்தயம் கட்டினான்.

“வெண்ணெய ஏன் ஒதுக்கினன்னு கேளு” என்றார் லைல்.

பெரெத் கேட்டாள். பதில் வர நேரமாயிற்று. “அவங்க ஊர்ப் பக்கம் யாருமே தொடமாட்டாங்களாம், ஐயா. எல்லாத்துக்கும் ஆலிவ் எண்ணெய்தானாம். வெண்ணெய் தின்னா குஷ்டம் வரும்னு சின்னதுலேருந்தே சொல்லி வளத்தாங்களாம். வெளியூர் போனா எண்ணெய கையோட எடுத்துட்டுப் போவாங்களாம்.”

அம்புரோஸ் பத்து விரலையும் விரித்து எஸ்தேவின் முகத்துக்கு நேரே ஆட்டினான். “ஐயோ, இங்கிலாந்துல ஒருத்தனுக்கும் விரல் இருக்கக் கூடாதே! எண்ணிப் பாருடா, எண்ணிப் பாரு!”

“எங்க மாமியார் நாப்பது வருஷமா திங்கிறா” என்றான் காவல்காரன். “நாக்கு மட்டும் உதிரவே இல்ல.”

லைல்கூடச் சிரித்துவிட்டார். தாம்சினும் சிரித்தாள்.

மூன்றாம் நாளும் நாலாம் நாளும் எஸ்தேவ் ரொட்டியைத் தொடவில்லை. வெண்ணெய் படாத அடிப்பக்கத்தைக் கிள்ளித் தின்னப் பார்த்தார், விரல் மடங்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு பக்கமும் பூசச் சொன்னார் லைல். தாம்சின் பூசினாள். ஐந்தாம் நாள் அவர் முழங்காலில் உட்கார்ந்து, தட்டில் வாய் வைத்து, நாயைப் போல அதைத் தின்றார். தின்னும்போது அழுதார். தின்று முடித்ததும் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தார்.

“பாத்தீங்களா” என்றார் லைல் நிதானமாக. “விரதத்த முறிச்சிட்டான். விரதம்னு ஒண்ணு இருந்தாத்தானே முறிக்க முடியும்?”

அன்று கோபுரத்திலிருந்து இறங்கும் சரிவில் பெரெத் தாம்சினின் பின்னாலேயே வந்தாள்.

“அம்மா, கொஞ்சம் நில்லுங்க. அன்னைக்கு இவரோட வந்தாரே ரூவான்காரர், அவரு என்ன சாப்பிட்டாரு?”

“எல்லாம்தான். இவன் ஒதுக்கினதயும் சேத்து.”

பெரெத் தலையில் அடித்துக்கொண்டாள். “ரூவான் பெரிய கோயில்ல ஒரு கோபுரம் இருக்கும்மா. வெண்ணெய்க் கோபுரம்னே பேரு. தவக்காலத்துல வெண்ணெய் திங்க அனுமதி வேணும்னா கோயிலுக்குக் காசு கட்டணும். அந்தக் காசுல எழுப்பினது. எங்க பக்கத்துல போப்போட ஆளுங்க எல்லாரும் நாப்பது நாளும் வெண்ணெய் திங்கிறவங்கதான். சாமியார் உள்பட.”

தாம்சின் நின்றாள். “இத்தன வருஷமா இத ஏன் சொல்லல?”

“நீங்க எங்கிட்ட அழுக்குத் துணியத் தவிர என்ன குடுத்தீங்க? வெண்ணெய வச்சு ஆள் பிடிக்கிறீங்கன்னே இந்த வாரம்தான் எனக்குத் தெரியும்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “அந்தக் குப்பிய மோந்து பாருங்க. அவங்க ரெண்டு பேரும் அதத் தொடவே பயப்படறாங்க. நீங்க சமையல்காரி. மோந்தாலே தெரியும்.”

“தெரிஞ்சா?”

“தெரிஞ்சா அந்த ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க பேச்சக் கேப்பாரு. அந்த மனுஷன் பேரனப் பாக்கப் போயிடுவாரு. நான் சொன்னா என்னையும் பக்கத்து ஆணியில மாட்டுவாரு.”

மறுநாள் லைல் கோபுரத்துக்குப் போன பிறகு தாம்சின் மாடியறையைப் பெருக்கப் போனாள். குப்பி சன்னலோரத்தில், துணி சுற்றியபடியே இருந்தது. கதவைச் சாத்திவிட்டு மூடியைத் திறந்தாள். மூக்கருகே கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை. பூண்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் உரித்த பூண்டுப்பல் இரண்டு, ஏதோ இலைக்கொத்து ஒன்று. ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினாள். நல்ல எண்ணெய். வெறும் ரொட்டியில் விட்டுத் தின்றால் மீனே வேண்டாம். சாகப்போகிறவன் நெற்றியில் பூசும் எண்ணெயில் யாரும் பூண்டு போட்டு ஊற வைக்க மாட்டார்கள்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கோபுரத்துக்குப் போய்ச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஐயா, இது சாப்பாட்டு எண்ணெய், அந்த ஆள் சொன்னது நிஜம். சொன்னால் எஸ்தேவ் இறங்கிவிடுவார். சொன்னால் அடுத்த கேள்வியை லைல் கேட்பார். அல்லது அவரும் கேட்க வேண்டாம், அவளே கேட்டுக்கொள்வாள். மூன்றாம் வருடம் வந்த பொத்தான் வியாபாரி. அவன் தட்டைக் காட்டி, கட்டைவிரலைக் கவிழ்த்து, எதையோ ஊற்றுவதுபோல் சைகை செய்தான். பீர் கேட்கிறான் என்று நினைத்துப் பீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வெண்ணெயை வழித்தான். இருபது வயதுகூட இருக்காது. அதற்கடுத்த வருடம் வந்தவரும் தெற்கத்திக்காரர்தான், கூட மனைவி. பின்வாசலுக்குப் போய் இரண்டு முறையும் அவள் சொன்னது ஒரே வார்த்தை.

இந்த ஒருவன் நிரபராதி என்றால் அவர்கள் யார்? அவர்கள் நிரபராதிகள் என்றால் அவள் யார்? ஈர விறகோடு மூச்சு வாங்க நின்ற அந்தத் தெருக்காரியின் முகம் கேட்காமலே முன்னால் வந்தது. தாம்சின் எழுந்துவிட்டாள்.

கொண்டை ஊசியால் பூண்டுப்பல்லையும் இலையையும் குத்தி எடுத்தாள். குப்பியை மூடித் துணி சுற்றி, இருந்த இடத்தில் வைத்தாள். கீழே போய் எடுத்ததை அடுப்பில் போட்டாள். எண்ணெயில் ஊறிய பூண்டு சடசடவென்று பொரிந்து வீடு முழுக்க மணத்தது. அந்த நேரம் பார்த்து லைல் உள்ளே நுழைந்தார். வாயில் கிராம்பு இருந்தும் அவருக்கு வாசனை எட்டிவிட்டது.

“என்ன தாம்சினம்மா, இன்னைக்கு ஏதோ விசேஷமா?”

“மீன் சாறு வைக்கலாம்னு, ஐயா.”

“பேஷ்.” அவர் மாடிக்குப் போய்க் குப்பியோடு இறங்கி வந்தார். “அறிக்கைல கையெழுத்துப் போடப்போறேன். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். அந்தத் துவைக்கிறவ விடாம சொல்றா, இது சாப்பாட்டு எண்ணெய்னு. எனக்கு இதத் திறக்கப் பிடிக்கல. நீங்க சமையல் தெரிஞ்சவங்க. பாத்துச் சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் முடிவு.”

தாம்சின் மூடியைத் திறந்தாள். முகர்ந்தாள். அவரை நேராகப் பார்த்தாள்.

“சாப்பாட்டு எண்ணெய்னா அதுல சமையல் வாசனை ஏதாவது இருக்கும், ஐயா. இதுல ஒண்ணும் இல்ல. வெறும் எண்ணெய். கோயில்ல சின்னதுல மோந்திருக்கேன், அதே மாதிரி.”

அவர் நன்றி சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்று மதியம் மீன் சாறு இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்தார்.

எஸ்தேவை வண்டியில் கட்டி லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். மே மாதம் தூக்கு. உப்பு மீன் ஏற்றிப் போன வண்டிக்காரன் பார்த்துவிட்டு வந்து சத்திரத்தில் சொன்னான். ஏணியில் நிற்கும்போது தன் ஊர்ப் பாஷையில் சங்கீதம் பாடினாராம். கூட்டத்துக்கு அது பூசை மந்திரமாகத்தான் பட்டது. மண்ணை வாரி அவர் வாயிலேயே அடித்தார்கள். “இறக்கும்போது உயிர் நல்லாவே இருந்துச்சு” என்றான் வண்டிக்காரன், ரொட்டியைக் கடித்தபடி. “முழுசாப் பாத்துட்டுத்தான் செத்தான்.”

ஜூன் மாதம் லைல் மறுபடி வந்தார். இந்த முறை மாடிக்குப் போகவில்லை. அம்புரோஸைக் கூப்பிட்டு நிறுத்தினார். ரூவான்காரர் ஹார்டெல் லண்டனில் பிடிபட்டிருந்தார். துணிக்கட்டுக்குள் ராணியின் உயிருக்கு உலை வைக்கும் கடிதங்கள். யார் அவருக்கு அனுமதிச் சீட்டு கொடுத்தது?

அம்புரோஸின் முகம் மாவாக வெளுத்தது. “ஐயா, அவன் வெண்ணெய் தின்னான். ரெண்டு பங்கு தின்னான். தாம்சின், சொல்லு!”

பெரெத் துவைத்த துணிக்கூடையோடு வாசலில் வந்து நின்றாள். தாம்சின் அவளைப் பார்த்தாள். பிறகு அம்புரோஸைப் பார்த்தாள். பதினெட்டு வருடமாக அவள் கையால் சாப்பிட்டவன்.

“எங்க தின்னான்? ரெண்டு பேருமே ஒதுக்கினாங்க. ரெண்டு பேரயும்தான் உங்கிட்ட சொன்னேன்.”

“அடிப்பாவி! குண்டன் திங்கிறான்னு பின்வாசல்ல வந்து நீதானே சொன்ன!”

“நான் ஏன் அப்படிச் சொல்லப்போறேன்? அந்தக் குண்டன் உன் கையில என்ன அமுக்கினானோ, எனக்கென்ன தெரியும்?”

“தாம்சின்! ஏய், தாம்சின்! எனக்கு மூணு பொண்ணு இருக்குடி!”

“வெண்ணெய் பொய் சொல்லாது, அம்புரோஸ்” என்றார் லைல். அவருக்குக் கோபம்கூட இல்லை.

அம்புரோஸை அதே கோபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். பந்தயம் கட்டிய அதே காவல்காரன்தான் காப்பு மாட்டினான். ஹார்டெல் தின்ற கதை தெரிந்த பெரெத் கூடையோடு திரும்பிப் போனாள். மறுநாள் அவள் துணி கொடுக்க வந்தபோது தாம்சின் விரிப்பை உதறி மடித்தபடி, “அகதிகள் பட்டியல்ல உன் பேரு இருக்கான்னு புது அதிகாரி கேட்டாரு. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல” என்றாள். அந்த வாரமே பெரெத் மூட்டை கட்டிக்கொண்டு கேன்டர்பரிக்கு நடந்தாள். பெயர்கூடத் தெரியாத ஒரு சாயக்காரர் மகளை அங்கே தேடப்போவதாக ஆற்றங்கரையில் யாரிடமோ சொன்னாளாம். கண்டுபிடித்தாளா என்பது தெரியாது.

தாம்சின் அதற்குப் பிறகு பதினொரு வருடம் இருந்தாள். அடுத்த தவக்காலத்தில் லைலின் சிபாரிசோடு, பக்கத்துத் துறைமுகம் ஒன்றிலிருந்து ஒரு சத்திரக்காரி அவளிடம் விவரம் கேட்க வந்தாள். தாம்சின் அவளை அடுப்பங்கரையில் உட்கார வைத்து ஒளிக்காமல் சொன்னாள். மீன் சூடாக இருக்க வேண்டும். ரொட்டியில் ஓரம் வரை பூச வேண்டும், விளிம்பைக் கடித்துத் தப்ப விடக் கூடாது. முகத்தைப் பார்க்கக் கூடாது, கத்தியைப் பார்க்க வேண்டும்.

வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எழுந்து போகும்போது முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, “ஏன்க்கா, வெறுமனே வெண்ணெய் பிடிக்காத ஆளா இருந்தா?” என்றாள்.

“அப்படி ஒருத்தரும் இதுவரைக்கும் வந்ததில்ல” என்றாள் தாம்சின்.